குப்பை படிக்கப் போன தலைவி

“ஹலோ... ஹலோ, ருஃபினோ! எழுதிக்கிட்டியா, இல்லியா? ... மறுபடி சொல்றேன், ஒரு எழுத்து பிசகாம எழுது. ‘ஒரு நாட்டின் நாகரிகத்தை அளக்க அதன் கோபுரங்களைப் பார்க்காதீர்கள். அது தன் குப்பையை என்ன செய்கிறது என்று பாருங்கள்.’ ... ஆமா, குப்பைதான். ஆமா, ஆமா. அடுத்த வரி: ‘அந்த நாகரிகத்தின் வாசலில் நின்றபடி, கலங்கிய கண்களோடு உங்களிடம் பேசுகிறேன்...’ ஏய்! ஏய்! அது வேணாம், வை கீழே! நீல மூடி பிசுபிசுன்னு இருக்கும். தங்க மூடிய எடு! ... உன்னை இல்லடா. நீ எழுது.”

பிலிப்பைன்ஸின் சாந்தா மார்த்தா ஊராட்சித் தலைவி ஃபிலோமெனா அப்ரோகார் அப்போது நின்றுகொண்டிருந்தது நாகரிகத்தின் வாசல் அல்ல. ஜப்பானின் ஒசாகாவில், கூரை போட்ட கடைத்தெரு ஒன்றில், அழகுச் சாமான் கடையின் மூன்றாம் மாடி. வெயிலுக்குப் பூசும் க்ரீம்கள் ஒரு பக்கம், வயதை மறைக்கும் க்ரீம்கள் மறுபக்கம், நடுவே தலைவி. தோள்பையில் காலிக் காப்பிக் கோப்பை ஒன்று செருகியிருக்க, முழங்கையில் ஒரு கூடை தொங்கியது. காலடியில் இரண்டு கூடைகள் நிரம்பிக் கிடந்தன. கண்கள் கலங்கித்தான் இருந்தன. இலவசமாகச் சொட்டிப் பார்க்க வைத்திருந்த கண் மருந்தைக் கொஞ்சம் தாராளமாகச் சொட்டியிருந்தார்.

“சபை கூடிடுச்சா? ... எத்தனை பேரு? ... கூடைப்பந்து மைதானம் நிரம்பிடுச்சா! நான் ஊர்ல இருந்து கூட்டம் போட்டா நாலு நாயும் ஐஸ் விக்கறவனும்தான் வருவாங்க. நான் கடல் தாண்டுனதும் எல்லாருக்கும் ஊர்ப்பற்று பொங்கிடுச்சாக்கும். ... யாரு முன் வரிசைல? ... அந்தப் பழைய தலைவன் டெமெத்ரியோவா? கால் மேல கால் போட்டா? ... கையில என்ன? ... ஓ. என்னை இறக்கச் சொல்லி மனு. ... எத்தனை பேரு கையெழுத்துப் போட்டிருக்கான்? ... அவளுமா? அவ பொண்ணு கல்யாணத்துக்கு நான்தானடா ஞானத்தாய்!”

செயலாளர் ருஃபினோவும் அவருடைய ஞானப்பிள்ளைதான். ஊரில் பாதிப் பேர் அப்படி. ஞானஸ்நானம், கல்யாணம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் ஞானத்தாயாக நின்று நின்றுதான் ஃபிலோமெனா தலைவியானார். அதனால் ஊரைத் திட்டும்போது அவருக்கு ஒரு தாயின் உரிமை தானாகவே வந்துவிடும்.

“அத்தாட்சி கேக்கறாங்களா? ... என்ன அத்தாட்சி? ... ‘ஊர்க் காசுல குப்பை ஆலையைப் படிக்கப் போனீங்களே, ஆலை எங்க, காட்டுங்க’ன்னா? ... இன்னிக்கேவா? ... இல்லேன்னா? ... நாளைக்குக் காலைல மனு மேயர் மேஜைல இருக்குமா. சரி. மேயர் என்ன பண்ணுவான்? ... தெரியும்டா, அவன் பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டுக் காத்திருக்கான். நான் ஊர் திரும்பறப்ப என் நாற்காலில டெமெத்ரியோ உக்காந்திருப்பான், எதிர்ல நான் நின்னுக்கிட்டுச் சான்றிதழுக்கு மனு கொடுக்கணும். அப்படித்தான? ... சமாதானம் சொல்லாத. எனக்கு எரியுது.”

மேல் தட்டில் எதையோ எடுக்க எம்பினார். எட்டவில்லை. பக்கத்தில் பணிவாக நின்ற கடைப் பெண்ணிடம் மோவாயால் சுட்டிக் காட்டினார். அவள் குனிந்து வணங்கி, எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். தலைவி அதைக் கூடையில் போட்டுவிட்டு மறுபடி கோபத்துக்குத் திரும்பினார்.

“என்னது? வீடியோவா? ... யாரைக் கேட்டு அறிவிச்ச? ... ‘மூணு மணிக்கு ஆலைக்குள்ள இருந்து தலைவி நேரலையில் தோன்றுவார்’னு யார்டா உன்னை ஒலிபெருக்கில சொல்லச் சொன்னது? ... நல்லெண்ணத்துலயா! உன் நல்லெண்ணத்தைத் தூக்கி உப்புத் தண்ணில போடு. ... முடியாது. முடியாதுன்னா முடியாது. ... ஏன்னா நான் ஆலைல இல்ல! ... சத்தமா கேக்காதடா, மடையா! வாயைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் போ. கழிவறைப் பக்கம் போ. ... போயிட்டியா? ... கேளு. காலைல போனோம். போகாம இல்ல. போனோம். உள்ள விடல. ... ஏன்னா லேட்டு! ... ஒன்பது மணிக்கு நேரம் கொடுத்திருந்தாங்க. நாங்க போறப்ப ஒன்பதே முக்கால். அதெல்லாம் ஒரு லேட்டா? நம்ம ஊர்ல ஒன்பதே முக்காலுக்குப் போனா ஆர்வக்கோளாறும்பாங்க. ... கத்தலடா அவங்க. கத்துனாத்தான் பதிலுக்குக் கத்தலாமே. வாசல்ல வரிசையா நின்னு குனிஞ்சு குனிஞ்சு கும்பிடறாங்க. ‘மன்னிக்கணும், அடுத்த குழு வந்துடுச்சு’ன்னு கும்பிடறாங்க. கும்பிட்டுக்கிட்டே கதவைச் சாத்திட்டாங்க. இவ்வளவு மரியாதையா என்னை யாருமே விரட்டினதில்ல.”

தாமதத்துக்குக் காரணம் பேனர். தூதுக்குழு தங்கிய ஓட்டலின் முன்னால் ஊராட்சியின் ஃப்ளெக்ஸ் பேனரைப் பிடித்துப் படம் எடுக்கும் வைபவம் அன்று காலை நடந்தது. பேனரில் தலைவியின் முகம் ஒரு கட்டில் அகலத்துக்கு இருந்தது. காற்றில் முகம் மடங்கிக்கொண்டே இருந்ததால் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

“அப்புறம் என்ன பண்ணச் சொல்ற? வழிகாட்டிப் பொம்பளை பஸ்ல மைக்கைப் பிடிச்சு, ‘நேரம் இருக்கே, எங்க போகலாம்?’னா. நம்ம ஆளுங்க எல்லாரும் ஒரே குரல்ல இந்தக் கடை பேரைச் சொன்னாங்க. ஊராட்சிக் கூட்டத்துல எந்தத் தீர்மானத்துக்காவது இப்படி ஒத்துமையா நின்னிருக்காங்களா? ... நான் எதிர்த்தேன்டா. மனசுக்குள்ள எதிர்த்தேன்.”

...

“சரி, சரி. பொறு. யோசிக்க விடு. ... வீடியோ வேணாம். ‘சிக்னல் சரியில்ல, தலைவி குரல் மட்டும் கேக்கும்’னு சொல்லு. ... நான் பேசறேன். பேசியே சமாளிக்கறேன். என்னிக்கு நான் பேசித் தோத்திருக்கேன்? ... பின்னணிச் சத்தமா? கேக்குதா? ... அது பாட்டு. கடைல போடற பாட்டு, காலைல இருந்து அதே பாட்டு, மண்டைக்குள்ள பூந்துடுச்சு. ... கேட்டா, ஜப்பான்ல குப்பை லாரி பாட்டுப் போட்டுக்கிட்டுத்தான் வரும்னு சொல்லிக்கலாம். ... பொய் இல்லடா, நிஜமாவே இந்த ஊர்ல அப்படித்தான் வருது. ... போ, மைக் கிட்ட போனை வை. ஒண்ணு, ரெண்டு, மூணு.”

தலைவி தொண்டையைச் செருமினார். கூடையைக் கீழே வைத்தார். ஒசாகாவில் அவரைப் பார்க்க யாரும் இல்லாவிட்டாலும் முந்நூறு பேர் முன்னால் நிற்பவர்போல் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“அன்பார்ந்த சாந்தா மார்த்தா பெருமக்களே! மதிப்பிற்குரிய முன்னாள் தலைவர் டெமெத்ரியோ அவர்களே! பங்குச் சாமி அவர்களே! கடல் கடந்து, குளிரைப் பொருட்படுத்தாது, உறக்கம் துறந்து, உங்களுக்காக ஒற்றை ஆளாக உழைத்துக்கொண்டிருக்கும் இந்த ஏழைத் தலைவியின் வணக்கம்! ... நன்றி. நன்றி. நான் இப்போது நிற்கும் இடத்தின் பிரமாண்டத்தை எப்படி வர்ணிப்பேன்! எங்கு நோக்கினும் ஒழுங்கு! எங்கு நோக்கினும் பளபளப்பு! ... என்ன, கேள்வியா? கேட்கட்டும், கேட்கட்டும். ... குப்பையை எப்படிப் பிரிக்கிறார்கள் என்றா கேட்கிறார்? நல்ல கேள்வி.”

தலைவிக்குக் குப்பையை எப்படிப் பிரிப்பார்கள் என்று தெரியாது. ஆனால் எதிரே தட்டுகள் இருந்தன. அவற்றின் மேல் படத்தோடு பலகைகள் இருந்தன.

“இங்கே எல்லாவற்றையும் தன்மை பார்த்துப் பிரிக்கிறார்கள், பெருமக்களே! வறண்டது தனி. எண்ணெய்ப் பசை உள்ளது தனி. இரண்டும் கலந்தது இன்னொரு இடம். ... ஆம், ஆம். சட்டென்று அரிப்பு எடுக்கக்கூடியது என்றால் அதற்குத் தனித் தட்டு. முதிர்ந்து சுருக்கம் விழுந்ததை மேல் வரிசைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதற்குத்தான் செலவு அதிகம். ... என்ன? ... ஆம், இரவில் வேறு, பகலில் வேறு. இரவில் செய்வது ஆழமாக வேலை செய்கிறது. ... எரிப்பதா? எரிச்சலே இருக்காது, முன்னாள் தலைவர் அவர்களே. எரிச்சல் இல்லை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்!”

அந்த நேரத்தில்தான் பாட்டு நின்றது. கடைக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்பதால், அவரவர் மொழியில் அறிவிப்பு போடுவது அந்தக் கடையின் வழக்கம். சீனத்தில் சொன்னது, கொரிய மொழியில் சொன்னது, தாய்லாந்து மொழியில் சொன்னது. கடைசியில் தேன் தடவிய ஒரு பெண் குரல், தலைவியின் சொந்த மொழியில், சொந்த ஊரில் யாருக்கும் ஒரு சொல்கூடத் தப்பாதபடி அட்சர சுத்தமாக, ‘அன்பான பிலிப்பைன்ஸ் வாடிக்கையாளர்களே’ என்று தொடங்கியது. இன்று வெயில் க்ரீம் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றது. கொலாஜன் பொடி இரண்டாம் மாடி என்றது. உங்கள் அழகுதான் எங்கள் மகிழ்ச்சி என்று முடித்தது.

தலைவி போனைக் கையால் பொத்தினார். பொத்தியது தாமதம், அன்று அவருக்கு எல்லாமே தாமதம்.

“மைக்கை அணை! ருஃபினோ! அணைடா! அணைச்சியா? ... என்ன ஆச்சு? ஏன் இவ்வளவு அமைதியா இருக்கு? ... யாரும் பேசலையா? ... சிரிக்கறாங்களா? ... சிரிக்கவும் இல்லையா? ஐயோ, அப்ப முடிஞ்சுது. சிரிச்சாக்கூடப் பிழைச்சுக்கலாம். ... எல்லாம் உன்னாலதான்! மைக்கை நல்லா ஒட்டிப் பிடிச்சியாக்கும்! செத்த மீன் மாதிரி ஒரு செயலாளர் எனக்கு! உன் கல்யாணத்துல நான் நின்னதுக்குப் பதிலா அந்த மெழுகுவர்த்தியை நட்டு வச்சிருக்கலாம்! ... யாரு எழுந்துட்டான்? ... டெமெத்ரியோவா. ... மைக் கிட்ட வர்றானா. மனுவோடயா. ... சொல்லுடா, என்ன சொல்றான்? ... வார்த்தை மாறாம சொல்லு. நான் தாங்கிக்குவேன்.”

...

“என்ன? ... மறுபடி சொல்லு. ... ‘வெயில் க்ரீம்ல தங்க மூடியா, வெள்ளி மூடியா’ன்னு கேக்கறானா? ... எதுக்கு? ... ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்னது தங்க மூடிக்கும் உண்டான்னா?”

தலைவி காலடியில் இருந்த கூடையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

“... தங்க மூடிக்கும் உண்டுன்னு சொல்லு. ... யாருக்காம்? ... அவன் சம்சாரத்துக்கு ரெண்டு, இலவசம் அவனுக்கா. அவன் மூஞ்சிக்கு வெயில் பட்டா என்ன, படாட்டி என்ன! ... வேற யாரு? ... பாடகர் குழுத் தலைவிக்குக் கால்ல பழைய தோலை உரிக்கற காலுறை. சரி. ... வாத்தியாரம்மாவுக்கு அரிசித் தவிட்டு சோப்பு. ... ஒவ்வொருத்தரா வரச் சொல்லுடா, மேல விழுந்து கத்துனா எனக்கு என்ன கேக்கும்? ... யாரு? ... பங்குச் சாமிக்கா? அவருக்கு எதுக்குத் தலைச்சாயம்? ... ‘ஆண்டவருக்குத் தெரியும், ஆயர் வர்றதுக்குள்ள வேணும்’னாரா. சரி, கறுப்பா, பழுப்பா? ... கறுப்பு. வெட்கம் கிட்கம் ஒண்ணும் இல்ல ஊருக்கு.”

ஊரில் யாராவது வெளிநாடு போனால் ‘வர்றப்ப எனக்கு ஒண்ணு’ என்று சொல்லியனுப்புவது சாந்தா மார்த்தாவில் குற்றமில்லை. சொல்லாமல் இருந்தால்தான் பகை என்று அர்த்தம். தலைவி போவது ஆலைக்கு என்று நம்பியதால்தான் இத்தனை நாள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு கோபமாக இருந்திருக்கிறார்கள். கடைக்குத்தான் போயிருக்கிறார் என்று தெரிந்ததும் ஊருக்கு மனம் இளகிவிட்டது.

இதைப் புரிந்துகொண்ட நொடியில் தலைவிக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

“நிறுத்து. நிறுத்துடா! ... குப்பையைப் பத்தி யாரு கேட்டா? ... ஒருத்தரும் கேக்கலையா? ... ஒருத்தர்கூடவா? ... மனு என்ன ஆச்சு? ... அதுக்குப் பின்பக்கம்தான் யார் யாருக்கு என்னன்னு டெமெத்ரியோ குறிச்சுக்கிட்டிருக்கானா! ... டேய், நான் உறங்காம பதில் தயார் பண்ணேன்டா! நாகரிகம், கோபுரம்னு மண்டையை உடைச்சுக்கிட்டு எழுதினேன். இவனுங்க ஆலையைப் பத்திக் கேட்டு என்னைக் கிழிச்சிருக்கணும். கிழிக்கற அளவுக்குக்கூட அக்கறை இல்லையா இந்த ஊருக்கு? ஒரு பாட்டிலுக்கு என்னை மன்னிச்சுட்டாங்களே! என் விலை ஒரு பாட்டிலா? ... ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்னு ஞாபகப்படுத்தாத! போனை உடைச்சிருவேன்.”

பின்னால் யாரோ வழி கேட்டுத் தயங்கி நிற்பது தெரிந்து, தலைவி வயிற்றை உள்ளிழுத்து வழி விட்டார். கோபம் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது.

“இன்னும் யாரு? ... சயோங்கா? எந்த சயோங்? ... ஓ, சந்தைக்குப் பின்னாடி வீடு. அவ இதெல்லாம் பூசமாட்டாளே. அவளுக்கு என்ன வேணுமாம்? ... புண்ணுக்கா? என்ன புண்ணு? ... சின்னப் பொண்ணு காலுலயா? ... எப்படி வந்துச்சு? ... ஈயா. ... ஈ எப்படி இவ்வளவு? ... குப்பையா? அவ வீட்டு முன்னாலயா? எவ்வளவு உயரத்துக்கு? ... ஜன்னல் வரைக்குமா?”

குரல் சட்டென்று இறங்கிவிட்டது. அடுத்த கேள்வியின் பதில் தலைவிக்கு முன்பே தெரியும்.

“... ஏன் அள்ளல? ... லாரி ஓடலையா? எப்பலேருந்து? ... நாங்க கிளம்பின நாளேர்ந்தா. ... ஓட்ட ஆள் இல்லையா. ... தெரியும். ... தெரியும்டா. இஸ்கோ இங்க இருக்கான்னு எனக்குத் தெரியாதா? ... ஆமா, நான்தான் கூட்டிட்டு வந்தேன். ... நீ ஞாபகப்படுத்த வேணாம்!”

சாந்தா மார்த்தாவுக்கு இருப்பது ஒரே குப்பை லாரி. அதை ஓட்டுவது தலைவியின் தம்பி இஸ்கோ. குப்பையைப் பற்றிப் படிக்கப் போகும் குழுவில் குப்பையைத் தொட்ட ஒருவராவது இருக்க வேண்டும் என்று மேயர் அலுவலகம் சொன்னதால், ‘தொழில்நுட்ப ஆலோசகர்’ என்ற பட்டத்தோடு அவனும் விமானம் ஏறினான். ஆலோசகர் இப்போது இரண்டு தட்டு தள்ளி நின்று, புறங்கையில் ஏதோ சீரத்தைத் தடவி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பது வயதில் அவன் கை அவ்வளவு மிருதுவாக இருந்ததே இல்லை.

“இஸ்கோ! டேய் இஸ்கோ! அதை வச்சுட்டு வா இங்க! ... லாரிச் சாவி எங்க? யார்கிட்ட கொடுத்துட்டு வந்த? ... ஏன் முழிக்கற? பாக்கெட்டைக் காட்டு. ... அந்தப் பாக்கெட் இல்ல, மறு பாக்கெட். ... அடப்பாவி! லாரிச் சாவியை எதுக்குடா ஜப்பானுக்குக் கொண்டு வந்த? ... பத்திரமா இருக்கட்டும்னா? யார்கிட்ட இருந்து பத்திரம்? குப்பை லாரியைத் திருடிட்டுப் போய் எவன்டா ஊர்வலம் விடுவான்! ... ருஃபினோ, நீ சிரிக்காத. சிரிச்சேன்னா வந்ததும் உன்னை ஆலோசகர் ஆக்கிருவேன்.”

இஸ்கோ சாவியை நீட்டியபடியே நின்றான். தலைவி அதை வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கி என்ன செய்வது? அவர் பார்வை அந்தச் சாவியிலிருந்து தங்க மூடிகளின் வரிசைக்குப் போனது. அங்கேயே நின்றது.

“ருஃபினோ. மைக்கைப் போடு. ... போடுன்னா போடு. ... இல்ல, நாகரிகமும் வேணாம், கோபுரமும் வேணாம். அந்தத் தாளைக் கிழிச்சுப் போடு. கீழே போடாத, பாக்கெட்ல போடு. ... போட்டாச்சா? ... கேக்குதா எல்லாருக்கும்? நான் ஃபிலோமெனா பேசறேன். ஆமா, கடைலதான் நிக்கறேன். ஆலையைப் பார்க்கல. பார்க்காததுக்கு என்னை ஊர் வந்ததும் கேளுங்க, பதில் சொல்றேன். இப்ப என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க. யாருக்கெல்லாம் தங்க மூடி வேணும்? கையைத் தூக்குங்க. ... எத்தனை கை, ருஃபினோ? ... எண்ண முடியலையா? நல்லது. கையை அப்படியே வச்சுக்கங்க. அந்தக் கைக்கு வேலை இருக்கு. சயோங் வீட்டு ஜன்னலை மறைச்சுக்கிட்டு ஒரு மலை நிக்குது. ஒரு பாட்டிலுக்கு ஒரு மூட்டை. அள்ளிக் கட்டினாத்தான் வாங்குவேன். ரெண்டு பாட்டிலுக்கு ரெண்டு மூட்டை. இலவசமா வர்ற பாட்டிலுக்கும் மூட்டை உண்டு, அது கடைக்காரன் கொடுக்கற இலவசம், நான் கொடுக்கறது இல்ல! ... யாரு முனகறது? ... வாத்தியாரம்மாவா? சோப்பு சின்னதுதான், சின்ன மூட்டையா கட்டுங்க. பங்குச் சாமி ஆசீர்வாதம் பண்ணிட்டு நழுவக்கூடாது. தலைச்சாயம் ரெண்டு டப்பா, ரெண்டு மூட்டை. ... லாரி இல்லையா? தெரியும், சாவி இங்க இருக்கு, அதைப் பத்தி இப்பப் பேசாதீங்க. டெமெத்ரியோவோட ஜீப் சும்மாதான நிக்குது? அதுல ஏத்தி நகராட்சிக் குப்பைக் குழிக்குக் கொண்டு போங்க. ... நாத்தம் அடிக்குமா? சயோங் வீட்ல என்ன மல்லிகைப்பூவா மணக்குது? ... வீடு சுத்தமான படம் என் கண்ணுக்கு வரணும். வந்தாத்தான் கூடை பில் போடற இடத்துக்கு நகரும். அஞ்சு மணிக்கு எங்க பஸ் கிளம்பிடும். இங்க பஸ் யாருக்காகவும் நிக்காது, இன்னிக்குக் காலைல படிச்சுக்கிட்டேன்!”

...

“என்ன சத்தம் அது? கைதட்டறாங்களா? ... நாற்காலியை இழுக்கற சத்தமா. ... கிளம்பிட்டாங்களா? நிஜமாவா? ... யாரு முன்னால? ... டெமெத்ரியோ ஜீப் சாவியை எடுத்துட்டு ஓடறானா! அவனுக்கு முட்டிவலின்னானே! ... மனு? ... உன்கிட்ட கொடுத்துட்டானா? கிழிச்சுராத, பின்னாடி யார் யாருக்கு என்னன்னு இருக்கு. ... மைக்கை அணைச்சுட்டியா? ... சயோங் இருக்காளா? அவகிட்ட கொடு. ... அழறாளா? ... அழ வேணாம்னு சொல்லு, எனக்குப் பிடிக்காது. அவளுக்கு மூட்டை கிடையாது. மருந்து கீழ் மாடில இருக்காம், நானே வாங்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் சுகாதார நிலையத்துக்குப் பொண்ணைத் தூக்கிட்டுப் போகச் சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லு. ... இல்ல, இதை அறிக்கைல போடாத. ... போடாதன்னா போடாத. ... சரி, போட்டா கடைசில போடு. பெருசா போடாத. ரொம்பச் சிறுசாவும் வேணாம்.”

இஸ்கோ மெல்ல நழுவப் பார்த்தான். தலைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, கூடைகளைக் காட்டினார். தொழில்நுட்ப ஆலோசகர் இரண்டு கையிலும் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

“இப்ப எழுது, ருஃபினோ. தலைப்பு: ‘ஜப்பானியக் குப்பை மேலாண்மை முறை சாந்தா மார்த்தாவில் இன்று வெற்றிகரமாகத் தொடங்கப்பட்டது.’ ... ஜப்பான்ல இப்படி இல்லையா? உனக்கு எப்படித் தெரியும்? நீ வந்து பார்த்தியா? ... நானும் பார்க்கலதான். அது நமக்குள்ள இருக்கட்டும். ... எழுதிட்டியா? ‘தலைவியின் நேரடி மேற்பார்வையில்.’ ... ஆமா, ஆமா, நேரடி. ... என்ன இழுக்கற? உனக்கும் ஏதாவது வேணுமா? ... உன் சம்சாரத்துக்கா? முகத்துல ஒட்டற தாளா? ... அதைக் கேக்கத்தான் இவ்வளவு நேரம் நெளிஞ்சியா! போ, போய் மூட்டையைக் கட்டு. நீயும்தான். செயலாளருக்கு விலக்கு கிடையாது. ... வை, வை. வைடா.”

தலைவி போனை அணைத்தார். குடித்து முடித்த காப்பியின் காகிதக் கோப்பை இன்னும் தோள்பையில் இருந்தது. அதைப் போட அந்தத் தெருவிலும் தொட்டி இல்லை, கடையிலும் இல்லை. முகத்தாள்கள் அடுக்கியிருந்த தட்டில், பெட்டிகளுக்குப் பின்னால் செருகிவிட்டுப் படியிறங்கினார்.